மூதூர்: இரண்டு கதிரைகள் இருந்த தொகுதி

தேர்தல் முடிந்த இரவில் வானொலியில் முடிவுகள் வரத் தொடங்கினால், 'திருகோணமலை மாவட்டம், மூதூர் தேர்தல் தொகுதி' என்ற அறிவிப்புக்குத் தோப்பூரில் இன்றும் காது கொடுப்பார்கள். கட்சிகளுக்கு விழுந்த வாக்குகள் ஒவ்வொன்றாக வரும். ஆனால் அந்தத் தொகுதியில் வென்றவர் யார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் வெல்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வாக்குகளை எண்ணிக் கூட்டும் வசதிக்காக மூதூர் என்ற பெயர் வைத்திருக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். மூதூருக்கென்று ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி 1947இல் பிறந்து 1989 பெப்ரவரியில் முடிந்துபோனது.

அதன் ஆயுள் நாற்பத்திரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அதற்குள் அது ஓரங்கத்தவர் தொகுதியாகத் தொடங்கி, ஈரங்கத்தவர் தொகுதியாகி, மறுபடி ஒன்றாகச் சுருங்கி, பிறகு ஒன்றும் இல்லாமல் போயிற்று. இலங்கையில் எல்லைக்கோடு வரைகிறவரின் பேனா எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

மகாவலி கடலில் சேரும் இடம் கொட்டியாரக் குடா. குடாவின் வடகரையில் திருகோணமலைத் துறைமுகமும் நகரும், தென்கரையில் மூதூர். மூதூருக்குத் தெற்கே வயல்களும் குளங்களும் காடுமாக விரியும் நிலத்தில் தோப்பூர், பள்ளிக்குடியிருப்பு, மல்லிகைத்தீவு, கிளிவெட்டி, மேன்காமம், ஈச்சிலம்பற்று என்று ஊர்கள் போகின்றன. கடலோரமாகச் சம்பூர், கட்டைபறிச்சான். மேற்கே ஆற்றுவாய்களைத் தாண்டினால் கிண்ணியா. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒரே வாய்க்கால் தண்ணீரைப் பகிர்ந்துகொண்டு, ஒன்றின் வேலிக்கு அப்பால் மற்றொன்று என்று அமைந்த நாடு இது. ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டதும் இந்தக் கொட்டியாரத்தில்தான். பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய அவர் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. கொட்டியாரமோ திருகோணமலைத் துறைமுகத்தின் நிழலில் மறைந்தே கிடந்தது. கடற்படைகளுக்கு வேண்டியிருந்தது வடகரைதான், தென்கரையை யாரும் பெரிதாகத் தேடவில்லை.

நிர்வாகக் கணக்கில் இந்தத் தென்கரை கொட்டியாரப் பற்று. திருகோணமலை மாவட்டத்தின் மற்றப் பிரிவுகள் நகரமும் அதன் சூழலும், தம்பலகாமப் பற்று, கட்டுக்குளப் பற்று. பழைய பற்றுகளின் பெயர்கள் இன்றைய அரசாங்கப் பத்திரங்களிலிருந்து போய்விட்டாலும், முதியவர்கள் வாயில் 'கொட்டியாரம்' இன்னும் இருக்கிறது.

1931இல் இலங்கையருக்குச் சர்வசன வாக்குரிமை வந்தபோது மூதூருக்குத் தனித் தொகுதி கிடைக்கவில்லை. டொனமூர் திட்டத்தின்படி அமைந்த அரசாங்க சபையில் தெரிவான உறுப்பினர் ஐம்பது பேர். அதில் திருகோணமலை முழுவதும் மட்டக்களப்பின் ஒரு பகுதியோடு சேர்த்து 'திருகோணமலை–மட்டக்களப்பு' என்ற ஒற்றைத் தொகுதியாக்கப்பட்டது. யாழ்ப்பாணம் அந்த முதல் தேர்தலைப் பகிஷ்கரித்தது, கிழக்கு வாக்களித்தது. வடக்கும் கிழக்கும் ஒரே குரலில் பேசியதாக எழுதுகிற பிற்கால வரலாறுகளில் இந்த வேறுபாடு அடிக்கடி விழுங்கப்பட்டுவிடும்.

அந்தப் பெருந்தொகுதி நாட்டின் வரலாற்றில் ஒரு தடம் பதித்திருக்கிறது. சிங்களத்தை அரசகரும மொழியாக்க வேண்டும் என்று ஜே.ஆர். ஜயவர்தன கொண்டுவந்த பிரேரணை 1944 மே மாதம் விவாதத்துக்கு வந்தபோது, 'தமிழும்' என்று சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் திருகோணமலை–மட்டக்களப்பு உறுப்பினர் வி. நல்லையா. திருத்தம் ஏற்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நாடு 'சிங்களம் மட்டும்' சட்டத்தில் போய் நின்றது என்பது எல்லாருக்கும் தெரியும். இரு மொழி என்ற தீர்மானம் ஒரு காலத்தில் சபையில் நிறைவேறியது என்பதும், அதில் கொட்டியாரத்து வாக்காளர் அனுப்பிய உறுப்பினருக்குப் பங்கு இருந்தது என்பதும் அவ்வளவு தெரிந்ததல்ல.

மூதூர் பிறந்தது சோல்பரி அரசியலமைப்போடு. எல்.எம்.டி. டி சில்வா தலைமையில் 1946இல் இயங்கிய முதலாவது எல்லை நிர்ணய ஆணைக்குழு நாட்டை 89 தொகுதிகளாகப் பிரித்தது, உறுப்பினர் 95 பேர். அதற்குக் கொடுக்கப்பட்டிருந்த சூத்திரம் விசித்திரமானது. மாகாணத்தில் 75,000 பேருக்கு ஓர் இடம், அதற்கு மேலாக ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் இடம். தலைக்கு மட்டுமல்ல, தரைக்கும் வாக்கு! நாடு முழுவதற்கும் 25 இடங்கள் இப்படி நிலத்தின் பெயரால் வந்தன. மக்கள் நெருக்கம் குறைந்த மாகாணங்களில் வாழும் சிறுபான்மையோருக்கு இது ஓர் ஈடு என்று கருதப்பட்டது. கிழக்கு மாகாணத்துக்குக் கிடைத்த ஏழு இடங்களில் மூன்று மக்கள்தொகைக்கு, நான்கு நிலப்பரப்புக்கு. ஆக, மூதூர் என்ற தொகுதி உருவானதற்கு மூதூர் மனிதரை விட மூதூர்க் காட்டுக்கே கூடுதல் நன்றி சொல்ல வேண்டும்.

அந்த ஏழில் மட்டக்களப்புப் பக்கம் ஐந்து, திருகோணமலைப் பக்கம் இரண்டு. திருகோணமலை என்றும் மூதூர் என்றும் அந்த இரண்டும் பிரிக்கப்பட்டபோது, நகரத் தொகுதியில் தமிழரும் மூதூர்த் தொகுதியில் முஸ்லிம்களும் மேலோங்குவார்கள் என்பது வெளிப்படை. 1947இல் மூதூரின் முதல் எம்.பி. ஆனவர் ஏ.ஆர்.ஏ.எம். அபூபக்கர். 1952இலும் 1956இலும் கிண்ணியாவின் எம்.ஈ.எச். முகம்மது அலி. நகரத்துத் திருகோணமலையிலோ 1952இலேயே தமிழரசுக் கட்சியின் என்.ஆர். இராஜவரோதயம் வென்றுவிட்டார். அந்த ஆண்டு அக்கட்சி நாடு முழுவதிலும் வென்றது இரண்டே இடங்கள், கோப்பாயும் திருகோணமலையும். இப்படி ஒரே குடாவின் இரு கரைகளும் வேறு வேறு அரசியல் செய்தன. வடகரையில் கட்சியும் கொள்கையும் பேசின. தென்கரையில் ஆளும் அவருடைய ஊரும் உறவும் பேசின.

தென்கரை அரசியலைப் புரிந்துகொள்ள வழிப்பயணத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கச்சேரியும் பெரிய ஆஸ்பத்திரியும் நீதிமன்றமும் குடாவுக்கு அப்பால். மூதூர்த் துறையிலிருந்து லோஞ்சில் போக வேண்டும், வாடைக் காற்று எழும்பினால் லோஞ்சும் இல்லை. தரைவழி என்றால் கங்கை, இறால்குழி, உப்பாறு, கிண்ணியா என்று ஒவ்வொரு துறையிலும் 'பாதை' வரும்வரை காத்திருந்து வாகனத்தோடு ஏறிக் கடக்க வேண்டும். கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்டோபரில்தான். அதுவரை, தோப்பூர் விவசாயி ஒருவருக்கு உறுதிக் காணியோ உரமானியமோ வேண்டுமென்றால், குடாவைக் கடந்து பேசத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். எம்.பி. என்றால் சட்டம் இயற்றுகிறவர் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் போய்க் கையெழுத்து வாங்கி வருகிறவர்தான் எம்.பி.

1959இல் வால்டர் தல்கொடபிட்டிய தலைமையிலான இரண்டாவது ஆணைக்குழு மறுபடி கோடு வரைந்தது. தொகுதிகள் 145 ஆயின, தெரிவாகும் உறுப்பினர் 151. அப்போதுதான் மூதூருக்கு இரண்டாவது கதிரை வந்தது. நாட்டில் ஈரங்கத்தவர் தொகுதிகள் நான்கே நான்கு: கொழும்பு தெற்கு, அக்குறணை, மட்டக்களப்பு, மூதூர். கொழும்பு மத்தி மட்டும் மூன்று அங்கத்தவர் தொகுதி.

இந்த ஏற்பாட்டுக்கு அரசியலமைப்பிலேயே இடமிருந்தது. ஒரு பகுதியில் இனத்தாலோ மதத்தாலோ வேறு நலனாலோ ஒன்றுபட்ட, ஆனால் பெரும்பான்மையிலிருந்து வேறுபட்ட மக்கள் கணிசமாகத் திரண்டிருந்தால், அவர்களுக்கும் பிரதிநிதி கிடைக்கும்படி ஆணைக்குழு கோட்டை வளைக்கலாம், பல அங்கத்தவர் தொகுதியும் அமைக்கலாம். வாக்களிக்கும் முறையும் அதற்கேற்றது. இரண்டு இடம் உள்ள தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. இருவருக்குப் பிரித்தும் போடலாம், இரண்டையும் ஒருவருக்கே போடலாம். தொகுதியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே உள்ள சமூகம், பிளவுபடாமல் தன் இரண்டு வாக்கையும் ஒரே ஆளுக்கு இட்டால், அவரை யாரும் தோற்கடிக்க முடியாது. கணிதம் அவ்வளவுதான். கொட்டியாரத் தமிழருக்கு அந்தக் கணிதம் போதுமாக இருந்தது.

1960 மார்ச்சில் தமிழரசுக் கட்சியின் 'வீடு' சின்னத்தில் ரி. ஏகாம்பரம் மூதூரில் வென்றார். ஜூலையில் மீண்டும் தேர்தல் வந்தபோதும் வென்றார். மூதூரின் பெயரில் ஒரு தமிழர் பாராளுமன்றத்தில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. மறு வருடம் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் யாழ்ப்பாணத்தில் தொடங்கிக் கிழக்குக்குப் பரவி, திருகோணமலைக் கச்சேரி வாசலையும் மறித்தது.

இரண்டு கதிரைகளால் கட்சிகளின் நடத்தையும் மாறியது. ஒரு கதிரை மட்டும் இருந்த காலத்தில் தமிழரசுக் கட்சி மூதூரைப் பற்றி அதிகம் யோசிக்கக் காரணம் இல்லை. இரண்டு வந்ததும், தமிழ் வாக்கோடு முஸ்லிம் வாக்கையும் சேர்த்தால் இரண்டையும் பிடிக்கலாமே என்ற கணக்குப் பிறந்தது. 'தமிழ் பேசும் மக்கள்' என்ற கட்சியின் கோஷத்தைப் பரீட்சித்துப் பார்க்க மூதூரைவிடப் பொருத்தமான களம் வேறெங்கே? 1960களில் முகம்மது அலியும் தமிழரசுக் கட்சி வழியாக இந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். எதிர்ப்பக்கத்தில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி கிண்ணியாவின் ஏ.எல். அப்துல் மஜீத்தை வளர்த்தது. 1977 வரை மூதூரில் 'கை' சின்னத்தின் முகம் அவர்தான். 1970இல் அமைந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் தகவல் ஒலிபரப்புத் துறையின் பிரதி அமைச்சரும் ஆனார்.

அதே 1970 மே மாதத் தேர்தலில் மூதூரின் மற்றக் கதிரைக்கு வந்தவர் கிளிவெட்டியின் அருணாசலம் தங்கத்துரை, தமிழரசுக் கட்சி, வயது முப்பத்து நான்கு. ஆளுங்கட்சிப் பிரதி அமைச்சர் ஒருவரும் எதிர்க்கட்சித் தமிழர் ஒருவரும் ஒரே தொகுதியின் முதலாம், இரண்டாம் உறுப்பினர்களாக ஏழு ஆண்டுகள் இருந்தார்கள். இதுதான் மூதூர்த் தொகுதியின் பொற்காலம் என்று சொல்ல ஆசை வரும். ஆனால் அப்படிச் சொல்லிவிட முடியாது. முஸ்லிம் ஊர்க்காரர் அப்துல் மஜீத்திடம் போனார், தமிழ் ஊர்க்காரர் தங்கத்துரையிடம் போனார், அமைச்சுக் கதவைத் திறக்கும் சாவியோ ஒருவரிடம் மட்டும் இருந்தது. இரண்டு வாக்கையும் ஒருவருக்கே இடும் வசதி, அடுத்த ஊர்க்காரனிடம் வாக்குக் கேட்கும் தேவையையே வேட்பாளரிடமிருந்து எடுத்துவிட்டது. தவிர, இடைத்தேர்தல் வந்தால் இந்தப் பாதுகாப்பு சட்டென்று மறைந்துவிடும். நிரப்ப வேண்டியது ஓர் இடம், ஆளுக்கு ஒரு வாக்கு, பெரும்பான்மைக்கே வெற்றி.

இத்தனை குறைகள் இருந்தும் ஒன்றை மறுக்க முடியாது. தோப்பூர்க்காரருக்கும் கிளிவெட்டிக்காரருக்கும் 'எங்கட எம்.பி.' என்று சொல்ல ஆளுக்கொருவர் இருந்தார், அந்த இருவருக்கும் தொகுதி ஒன்றே. வெள்ளம் வந்தாலும் குளம் உடைந்தாலும் இருவரும் அதே ஊர்களுக்குத்தான் வந்தாக வேண்டும்.

இதற்கிடையில் நிலத்தின் மேல் வேறொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. கந்தளாய்க் குளத்தைச் சுற்றியும், அல்லை விஸ்தரிப்புத் திட்டத்தின் கீழும், முதலிக்குளம், பதவியா என்று மேற்கிலும் வடக்கிலும் அரசாங்கக் குடியேற்றங்கள் எழுந்தன. 1881 கணக்கெடுப்பில் திருகோணமலை மாவட்டத்தில் சிங்கள மக்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் இருந்தார்கள். 1981 கணக்கெடுப்பில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று மூன்று சமூகத்தவரும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நூறு ஆண்டில் ஒரு மாவட்டத்தின் முகம் இப்படி மாறியதற்கு அரச கொள்கையே முதற்காரணம். 1956 ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மாநாடு கூட்டி முன்வைத்த கோரிக்கைகளில் குடியேற்றத்தை நிறுத்துவதும் ஒன்று. பெயர்களும் கூடவே மாறின: முதலிக்குளம் மொறவெவ ஆனது.

குடியேறியவர்கள் யார்? பெரும்பாலும் தென்னிலங்கையிலும் மலையடிவாரங்களிலும் நிலமில்லாமல் கிடந்த ஏழை விவசாயிகள். கொள்கை வகுத்தவர்கள் கொழும்பிலே இருந்தார்கள், காட்டு யானையோடும் மலேரியாவோடும் மல்லுக்கு நின்றவர்கள் இவர்கள். அவர்களுக்கும் ஒரு பிரதிநிதி வேண்டும் என்பதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பிரதிநிதியை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் சிக்கல்.

விடை 1976இல் வந்தது. நோயல் தித்தவெல தலைமையிலான மூன்றாவது ஆணைக்குழு தொகுதிகளை 160 ஆக்கியது, உறுப்பினர் 168. இடத்துக்கான மக்கள்தொகை அளவு 75,000இலிருந்து 90,000 ஆக உயர்த்தப்பட்டிருந்தது, ஆயிரம் சதுர மைல் கணக்கு அப்படியே நின்றது. திருகோணமலை மாவட்டத்தில் சேருவில என்றொரு புதிய தொகுதி தோன்றியது. கந்தளாய், சேருவில முதலான குடியேற்றப் பகுதிகள் அதற்குள் வந்தன. புதிய தொகுதி என்றதும் மாவட்டத்துக்குக் கூடுதலாக ஓர் உறுப்பினர் கிடைத்தார் என்று நினைக்கத் தோன்றும். எண்ணிப் பாருங்கள். 1960இலிருந்து மாவட்டத்துக்கு மூன்று உறுப்பினர்: திருகோணமலைக்கு ஒருவர், மூதூருக்கு இருவர். 1977இலும் மூன்று உறுப்பினர்தான்: திருகோணமலைக்கு ஒருவர், மூதூருக்கு ஒருவர், சேருவிலக்கு ஒருவர். மூதூரின் இரண்டாவது கதிரைதான் தூக்கிக்கொண்டு போய்ச் சேருவிலவில் போடப்பட்டது.

காகிதத்தில் இது அழகான ஏற்பாடு. மூன்று சமூகம், மூன்று தொகுதி, ஆளுக்கொன்று. 1977 ஜூலை 21இல் முடிவும் அப்படியே வந்தது. திருகோணமலையில், தமிழரசுக் கட்சியும் சேர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் இரா. சம்பந்தன், மூதூரில் ஐக்கிய தேசியக் கட்சியின் எம்.ஈ.எச். மகரூப், சேருவிலவில் அதே கட்சியின் எச்.டி.எல். லீலாரத்ன. ஆனால் கொட்டியாரத் தமிழர் வாழ்ந்தது திருகோணமலை நகரத்திலல்ல. குடாவின் தென்கரையில் இருந்த அவர்களுடைய கிராமங்கள் மூதூருக்கும் சேருவிலவுக்கும் இடையில் பிரிந்து, இரண்டிலும் சிறுபான்மையாகின. பக்கத்துத் தொகுதியில் ஒரு தமிழர் வென்றதால் கிளிவெட்டிக்கு என்ன பயன்? நடுவில் கடல் இருக்கிறதே!

ஈரங்கத்தவர் முறையே காலாவதியாகிவிட்டது என்று அந்த ஆணைக்குழு கருதியிருந்தால் இதையாவது புரிந்துகொள்ளலாம். அப்படியும் இல்லை. அதே 1976 எல்லை நிர்ணயத்தில் மட்டக்களப்பு ஈரங்கத்தவர் தொகுதியாகத் தொடர்ந்தது, தெற்கே பொத்துவில் புதிதாக ஈரங்கத்தவர் தொகுதியானது. பொத்துவிலில் 1977இல் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜலால்தீனும் கூட்டணியின் கனகரத்தினமும் தெரிவானார்கள், ஒரு முஸ்லிம், ஒரு தமிழர். மூதூரில் 1970இல் கண்ட அதே ஜோடி. பொத்துவிலுக்குப் பொருந்திய மருந்து மூதூருக்கு ஏன் மறுக்கப்பட்டது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பிறகு நடந்தவை வேகமானவை. 1978 அரசியலமைப்பு தொகுதி முறையையே எடுத்துவிட்டு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. ஆனால் 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பு பழைய பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியதால், புதிய முறையில் முதல் பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரி 15இல்தான் நடந்தது. அதனால் மகரூப் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் மூதூர் எம்.பி.யாக நீடித்தார். 1983இல், பிரிவினைக் கோரிக்கையைத் தடைசெய்த ஆறாவது திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தை ஏற்காத கூட்டணி உறுப்பினர்கள் பாராளுமன்றம் செல்லாமல் விட்டதில் சம்பந்தனும் தம் ஆசனத்தை இழந்தார். போர் மூண்ட அந்த ஆண்டுகளில், மாவட்டத்தின் மூன்றில் ஒரு பங்கினரான தமிழருக்குப் பாராளுமன்றத்தில் வாய் இல்லை. 1985 ஜூனில் கிளிவெட்டியில் தமிழர் கொல்லப்பட்டபோது, அதைத் தன் தொகுதி என்று சொல்லி எழுந்து நிற்க ஒரு தமிழ் உறுப்பினர் இருக்கவில்லை.

மூதூரின் பழைய உறுப்பினர்களுக்கு நேர்ந்த முடிவு தனியாகச் சொல்லப்பட வேண்டியது. அப்துல் மஜீத் 1987 நவம்பர் 13இல் கிண்ணியாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். தங்கத்துரை 1994இல் கூட்டணியின் பட்டியலில் மறுபடி பாராளுமன்றம் போனார். 1997 ஜூலை 5இல் திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் நடந்த நிகழ்ச்சிக்கு வந்திருந்தபோது கொல்லப்பட்டார். பதினைந்து நாள் கழித்து, ஜூலை 20இல், மகரூப் திருகோணமலைக்கு வடக்கே வீதியில் கொல்லப்பட்டார். மூன்று கொலைகளுக்கும் விடுதலைப் புலிகளே பொறுப்பென்று சொல்லப்பட்டது. 1970க்கும் 1989க்கும் இடையில் மூதூரின் பெயரில் பாராளுமன்றத்தில் இருந்தவர்கள் மூவர், அந்த மூவருமே கொலையாளிகளின் கையில் முடிந்தார்கள். ஒருவர் சுதந்திரக் கட்சி, ஒருவர் தமிழர் கூட்டணி, ஒருவர் ஐக்கிய தேசியக் கட்சி. இலங்கையில் வேறெந்தத் தொகுதிக்கும் இப்படியொரு கணக்கு இருக்குமா என்பது சந்தேகம்.

குடும்பங்கள் மட்டும் அரசியலில் தொடர்ந்தன. அப்துல் மஜீத்தின் மகன் நஜீப் அப்துல் மஜீத் 2012இல் கிழக்கு மாகாண முதலமைச்சர் ஆனார். மகரூப்பின் மகன் இம்ரான் 2015இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார், 2024 நவம்பர் தேர்தலிலும் ஐக்கிய மக்கள் சக்தியின் சார்பில் வென்றார். அந்தத் தேர்தலில் திருகோணமலை மாவட்டத்தின் நான்கு இடங்களில் இரண்டைத் தேசிய மக்கள் சக்தியும் ஒன்றைத் தமிழரசுக் கட்சியும் பெற்றன. நால்வரும் மாவட்டம் முழுவதற்கும் பொதுவானவர்கள். எல்லாருக்கும் பொதுவானவரிடம் தோப்பூர் வாய்க்கால் பற்றி யார் போய்க் கேட்பது என்று ஊரில் அங்கலாய்ப்பு உண்டு. விருப்பு வாக்கு முறையில் வேட்பாளர் தேடிப் போவது வாக்குத் திரளும் பெரிய ஊர்களை. கிண்ணியாவும் மூதூரும் கட்சிகளின் கணக்கில் முன்னால் நிற்க, தோப்பூர் போன்றவை பின்வரிசைக்குப் போவது இயல்பு. தோப்பூருக்குத் தனிப் பிரதேச செயலகம் வேண்டும் என்ற கோரிக்கை எத்தனையோ தேர்தல் மேடைகளைக் கண்டுவிட்டது. இன்றுவரை ஊருக்கு வாய்த்திருப்பது உப செயலகம்.

விகிதாசார முறை சிறுபான்மையோருக்கு நன்மை செய்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. நான்கு இடங்கள் உள்ள மாவட்டத்தில் மூன்று சமூகத்துக்கும் ஆள் கிடைக்கப் பெரும்பாலும் அது வழி விடுகிறது. 1977க்குப் பிந்திய மூதூரை விட அது மேல். ஆனால் 1970இன் மூதூரை விட மேலா? அங்கே சமூகத்துக்கு ஆள் இருந்தார், ஊருக்கும் ஆள் இருந்தார். இரண்டையும் ஒருசேரத் தந்த ஏற்பாடு இந்த மாவட்டத்தில் அது ஒன்றுதான் என்பதே இந்தக் கட்டுரையின் கணிப்பு.

தொகுதிக் கோடு மறுபடி வரையும் பேச்சு வராமலும் இல்லை. மாகாண சபைத் தேர்தலைக் கலப்பு முறையில் நடத்த 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. பாதி உறுப்பினர் தொகுதி வழியாகவும் பாதி விகிதாசாரமாகவும் வர வேண்டும் என்பது ஏற்பாடு. முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையிலான குழு மாகாணத் தொகுதிகளை வரைந்து அறிக்கை கொடுத்தது. முஸ்லிம் கட்சிகளும் சிறிய கட்சிகளும் தங்கள் இடங்கள் குறைகின்றன என்று எதிர்த்தன. 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது அறிக்கைக்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை, அதைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை நீக்கப்பட்டு, புதிய முறைக்கு எல்லைக்கோடு இல்லாமல், மாகாண சபைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30இலேயே முடிந்துவிட்டது. அந்தச் சபைக்குத் திருகோணமலை மாவட்டம் அனுப்பிய உறுப்பினர் பத்துப் பேர்.

மாகாணத்துக்காயினும் பாராளுமன்றத்துக்காயினும் கொட்டியாரத்தில் யாராவது மறுபடி எல்லை போட உட்கார்ந்தால், 1959 ஆணைக்குழுவின் வரைபடத்தை முதலில் மேசையில் விரிக்கட்டும். மூதூருக்கு இரண்டு கதிரை வேண்டும், இரண்டும் தென்கரையிலேயே இருக்க வேண்டும்.